விறகு பிளக்கப் போன தம்பதி: வாசகர் கேள்விகள்

*ஐயா, நாங்கள் தங்கச்சிமடம். நான் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், மனைவி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். மகன் அமெரிக்காவில் பீனிக்ஸ் நகரில் வேலை பார்க்கிறான். அவனைப் பார்க்கப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரரின் அப்பாவும் அம்மாவும், இருவருக்கும் எழுபது வயதுக்கு மேல், நவஹோ பழங்குடி மக்கள் மத்தியில் ஒன்றரை வருஷம் மிஷனரி ஊழியம் செய்யச் சின்லி என்ற ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வண்டியில் மெத்தை, தையல் மெஷின், மரம் அறுக்கும் மெஷின் எல்லாம் ஏற்றினார்கள். மரம் அறுக்கும் மெஷின் எதற்கு என்று எங்களுக்குப் புரியவில்லை. இந்த வயதில் அங்கே போய் என்னதான் செய்வார்கள்? எங்களாலும் அப்படிப் போக முடியுமா?*
— ஓய்வுபெற்ற தம்பதி, தங்கச்சிமடம்

அவர்கள் அநேகமாக மார்மன் சபைக்காரர்கள். பிற்காலப் புனிதர்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது முழுப்பெயர், தலைமையிடம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி. வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர்ப்பட்டையுமாக இரண்டிரண்டு பேராகப் போகும் இளைஞர்களைச் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ பார்த்திருப்பீர்கள். பையன்கள் 18 வயதில் இரண்டு வருஷம், பெண்கள் 18 வயதில் ஒன்றரை வருஷம் (2025 வரை பெண்களுக்கு 19 வயது). அது போக, வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகளைக் கரையேற்றிவிட்ட தம்பதிகளையும் அந்தச் சபை அனுப்புகிறது. 6 மாதத்திலிருந்து 23 மாதம் வரை, அவரவர் வசதிப்படி. சம்பளம் கிடையாது. வீட்டு வாடகை, வண்டிக்குப் பெட்ரோல், சாப்பாடு எல்லாம் சொந்தக் காசு. இளைஞர்களைப் போலக் கதவு கதவாகத் தட்ட வேண்டும் என்ற கட்டாயம் இவர்களுக்கு இல்லை.

இனி அந்த மெஷின் சமாச்சாரம். சின்லி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 5,500 அடி உயரத்தில் இருக்கிறது. அரிசோனா என்றதும் பாலைவனம், வெயில் என்றுதான் நமக்குத் தோன்றும், ஆனால் அங்கே குளிர்காலத்தில் பனி கொட்டும். நிறைய வீடுகளில் ராத்திரிக் குளிருக்கு விறகு அடுப்புதான். முன்பு கயென்டா பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து உள்ளூர்க் குடும்பங்களுக்கு இலவசமாகக் கரி கிடைத்துக்கொண்டிருந்தது, 2019-ல் சுரங்கத்தை மூடியதோடு அதுவும் போயிற்று. பிள்ளைகள் பிழைக்கப் பீனிக்ஸுக்கும் ஆல்புகர்க்கிக்கும் போய்விட, எண்பது வயதுப் பாட்டி மட்டும் நாலு ஆடும் ஒரு நாயுமாக வீட்டில் இருப்பார். ஜூனிப்பர் மரத்தையும் பின்யான் மரத்தையும் மலையில் போய் அறுத்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, அடுப்பு வாய்க்குத் தகுந்தபடி பிளந்து, கதவுக்குப் பக்கத்தில் அடுக்கித் தர ஆள் வேண்டும். அடுப்புக்குழாயில் கரி அடைத்துக்கொண்டால் தீப்பிடித்துவிடும், அதையும் கழற்றித் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். அந்தத் தாத்தா செய்யப்போகும் ஊழியத்தில் பாதி இதுதான்.

மீதியில் பெரும்பங்கு வண்டி ஓட்டுவது. அங்கே பெரும்பாலும் மண் சாலை. மழை பெய்தோ பனி உருகியோ ஊறினால் களிமண் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும், விடியற்காலையில் உறைந்து கிடக்கும்போதே ஓட்டிப் போய்விட்டுத் திரும்பிவிட வேண்டும். குழாய் இல்லாத வீட்டுக்குப் பீப்பாயில் தண்ணீர் கொண்டுபோவது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, மருந்து வாங்கி வருவது, அரசாங்கப் படிவம் நிரப்பித் தருவது, விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பியானோ வாசிப்பது, வீட்டுத் தோட்டம் போட உதவுவது. வருஷத்துக்கு 25 செ.மீ. மழைகூடப் பெய்யாத ஊரில் தோட்டம் என்பது லேசுப்பட்ட காரியமில்லை.

நீங்கள் போக முடியுமா? அந்தத் திட்டத்தில் முடியாது, அது அந்தச் சபையின் உறுப்பினர்களுக்கு மட்டும். வேறு சபை வழியாகப் போவதானால், மத ஊழியர் விசாவுக்கு அந்தச் சபையில் இரண்டு வருஷமாவது நீங்கள் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் போய் ஊழியம் என்று இறங்கினால் திரும்ப விசா கிடைப்பதே சிக்கலாகிவிடும், விவரம் தெரிந்த வக்கீலைக் கேட்காமல் செய்யாதீர்கள். அம்மாவுக்குத் தனியாக ஒரு வார்த்தை: அமெரிக்க நர்ஸ் உரிமம் இல்லாமல் அங்கே ஒரு ஊசிகூடப் போட முடியாது. நாற்பது வருஷ அனுபவம் இருந்தாலும் அங்கே நீங்கள் தண்ணீர்ப் பீப்பாய் சுமக்கும் ஆள்தான். அதற்குச் சம்மதமா என்று யோசித்துக்கொண்டு அடுத்த படி எடுங்கள்.

*நவஹோ என்பவர்கள் யார்? நாங்கள் பாடத்தில் படித்த சிவப்பிந்தியர்தானே?*
— கல்லூரி மாணவி, கீழக்கரை

அந்தப் பெயரை விட்டுவிடுவோம் தங்கச்சி. அவர்கள் தங்களைத் தினே என்று சொல்லிக்கொள்கிறார்கள், நவஹோ என்பதும் புழக்கத்தில் இருக்கிறது. அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா என்று மூன்று மாநிலங்களில் விரிந்த அவர்கள் நிலம் ஏறக்குறைய 70,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். தலைநகர் விண்டோ ராக். தனி அரசு, தனி நீதிமன்றம், தனிக் காவல்துறை உண்டு. ஓரிரு இடம் தவிர, சாராயம் விற்பது சட்டப்படி குற்றம் (எல்லையைத் தாண்டினால் கடை உண்டு, அது எந்த ஊரிலும் அப்படித்தான்).

1863-64-ல் அமெரிக்கப் படை வந்து அவர்களுடைய சோளக்காட்டைக் கொளுத்தி, டி ஷே பள்ளத்தாக்கில் பார்த்துப் பார்த்து வளர்த்த பீச் மரங்களை வெட்டிச் சாய்த்து, ஆயிரக்கணக்கான பேரை 500 கிலோமீட்டருக்குக் குறையாமல் நடத்தியே நியூ மெக்சிகோவின் கிழக்கே கொண்டுபோய் அடைத்தது. வழியில் நடக்க முடியாதவர்கள் செத்தார்கள், போய்ச் சேர்ந்த இடத்தில் பெக்கோஸ் ஆற்றின் உப்புத் தண்ணீரைக் குடித்து இன்னும் பலர் செத்தார்கள். 1868 ஜூன் 1-ல் ஒப்பந்தம் போட்டுச் சொந்த மண்ணுக்கே திரும்பினார்கள். துரத்தப்பட்ட பூர்வகுடிகளில் தங்கள் மண்ணுக்கே திரும்பி வந்தவர்கள் மிகக் குறைவு என்பதால் இதை அவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

நீ கீழக்கரை என்பதால் உனக்கு ஒன்று சுலபமாகப் புரியும். அவர்கள் வீட்டில் பெண் வழிதான் முக்கியம். ஆடும் வீடும் பெரும்பாலும் பெண்ணுடையது, கல்யாணமான மாப்பிள்ளை பெண் வீட்டுப் பக்கம் போய் இருப்பதுதான் பழைய வழக்கம். உங்கள் ஊரில் வீட்டைப் பெண்பிள்ளைக்குக் கொடுத்து மாப்பிள்ளையை அங்கே அழைத்துக்கொள்கிறார்களே, கிட்டத்தட்ட அப்படி. குலமும் தாய் வழி. அறிமுகம் செய்துகொள்ளும்போது அம்மாவின் குலம், அப்பாவின் குலம், அம்மாவைப் பெற்ற தாத்தாவின் குலம், அப்பாவைப் பெற்ற தாத்தாவின் குலம் என்று நாலையும் சொல்வார்கள். அம்மா குலத்திலும் அப்பா குலத்திலும் பெண் எடுக்கக் கூடாது. நம் சீமையிலேயே கொண்டையங்கோட்டை மறவர்களுக்குக் கிளை தாய் வழியாகத்தான் வரும், ஒரே கிளையில் கல்யாணம் கிடையாது. இதைச் சொன்னால் மதுரைக்காரர்களே நம்ப மாட்டார்கள், ஆனால் ஒரு நவஹோப் பாட்டிக்கு விளக்கம் தேவைப்படாது.

*விறகு, தண்ணீர் எல்லாம் சும்மா. மதம் மாற்றத்தானே போகிறார்கள்? இதைப் போய்ச் சேவை என்று எழுதலாமா?*
— வாசகர், சாயல்குடி

மதம் மாற்றவும்தான் போகிறார்கள். மிஷனரி என்ற பெயரிலேயே அது இருக்கிறது, யாரும் மறைக்கவில்லை. ஆனால் நவஹோ நாட்டில் நூற்றைம்பது வருஷமாகப் பல சபைக்காரர்கள் போய் வந்திருக்கிறார்கள், எல்லாரையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. அந்த மக்கள் கேட்டதைச் செய்தவர்கள் யார், கேட்காததைத் தலையில் கட்டியவர்கள் யார் என்று பிரித்துப் பார்ப்பதுதான் என் வழி.

கேட்காததிலிருந்தே தொடங்குகிறேன். 1868 ஒப்பந்தத்தில் 30 பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடம் என்று ஒரு விதி இருந்தது. அதன் பின் ஜனாதிபதி கிராண்ட் காலத்தில் எந்தப் பழங்குடியை எந்தச் சபை கவனிப்பது என்று அரசாங்கமே பங்கு பிரித்துக் கொடுத்தது, நவஹோக்கள் பிரெஸ்பிட்டேரியன் சபையின் பங்கில் விழுந்தார்கள். அவர்களை ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை. பிறகு வந்த விடுதிப் பள்ளிகளில், அரசாங்கம் நடத்தியதானாலும் சபை நடத்தியதானாலும், பிள்ளைகளின் முடியை வெட்டினார்கள், பெயரை மாற்றினார்கள், நவஹோ மொழி பேசினால் வாயில் சோப்பைப் போட்டுத் தேய்த்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிலிப் ஜான்ஸ்டன் என்று ஒருவர், மிஷனரியின் மகன், நாலு வயதில் பெற்றோரோடு நவஹோ நாட்டுக்கு வந்து அங்கத்திய பிள்ளைகளோடு விளையாடியே மொழியைக் கற்றுக்கொண்டவர். 1942-ல் ஜப்பானோடு போர் நடந்தபோது, இந்த மொழியில் ரகசியச் செய்தி அனுப்பலாமே என்று அமெரிக்கக் கடற்படைத் தரைப்பிரிவிடம் யோசனை சொன்னவர் அவர்தான். முதலில் 29 நவஹோ இளைஞர்களைச் சேர்த்தார்கள். ஜப்பான்காரர்களால் கடைசி வரை அந்தச் சங்கேதத்தை உடைக்க முடியவில்லை. எந்த மொழியைப் பேசியதற்காகச் சின்ன வயதில் சோப்பைத் தின்றார்களோ அதே மொழிக்காக 2001-ல் அந்த 29 பேருக்கும் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். அதற்குள் பெரும்பாலானவர்கள் இறந்துபோயிருந்தார்கள்.

மார்மன் சபைக்கும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. 1947-ல் யூட்டாவில் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு வயலில் கூலி வேலை செய்ய வந்த ஹெலன் ஜான் என்ற நவஹோப் பெண், அறுவடை முடிந்ததும் குடும்பத்தோடு ஊர் திரும்ப மனமில்லாமல், உங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு கூடாரம் போட்டுக்கொள்கிறேன், இங்கேயே பள்ளிக்கூடம் போகிறேன் என்று ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம் கேட்டாள். பார்த்தீர்களா, இது அவளாகவே கேட்டது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு சபை ஒரு பெரிய திட்டமே போட்டது. எட்டு வயதிலிருந்தே பிள்ளைகளை ஞானஸ்நானம் கொடுத்து, பள்ளி நடக்கும் மாதமெல்லாம் வெள்ளைக்காரக் குடும்பங்களில் தங்கவைத்தார்கள். 2000 வரைக்கும் ஓடியது. அதில் படித்து முன்னுக்கு வந்து, வளர்த்த குடும்பத்தை இன்றும் அம்மா அப்பா என்று கூப்பிடுகிறவர்கள் உண்டு. கொடுமைக்கு ஆளானோம் என்று நவஹோ நீதிமன்றத்திலேயே சபை மேல் வழக்குப் போட்டவர்களும் உண்டு. ஒரு பெண் தன் விருப்பத்தைச் சொன்னதற்கும், ஆயிரக்கணக்கான எட்டு வயதுப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றியதற்கும் நடுவில் எந்த இடத்தில் கோடு போடுவது? நான் எட்டு வயதில் போட்டுவிடுவேன். அந்த வயதுப் பிள்ளை யாரிடம் எதைக் கேட்டிருக்கும்?

சரி, கேட்டதைச் செய்தவர்கள். நவஹோக்களுக்குப் பிணம் என்றால் ஆகாது. வீட்டுக்குள் ஒருவர் இறந்துவிட்டால் அந்த வீட்டையே விட்டுவிட்டு வேறிடம் போய்விடுவது பழைய வழக்கம். அதனால் செத்தவர்களைப் புதைத்துத் தாருங்கள் என்று வியாபாரிகளையும் மிஷனரிகளையும் கூப்பிட்டார்கள். அந்த மண்ணில் பல பாதிரியார்கள் முதன்முதலில் பயன்பட்டது பிரசங்கத்தால் அல்ல, மண்வெட்டியால். கூலி கிடையாது, ஞானஸ்நானம் கிடையாது, புதைத்தவனைத் தொடக்கூட மாட்டார்கள். அதைச் செய்தவர்களைக் கிண்டல் பண்ண எனக்கு வாய் வரவில்லை.

இந்தப் பயத்தால்தான் ஆஸ்பத்திரியும் ஆரம்பத்தில் எடுபடவில்லை. ஆட்கள் சாகிற கட்டடத்துக்குள் யார் போய்ப் படுப்பார்கள்? கனாடோ என்ற ஊருக்கு 1927-ல் கிளாரன்ஸ் சால்ஸ்பரி என்ற டாக்டரும் அவர் மனைவி கோராவும் வந்தார்கள், அதற்கு முன் சீனாவின் ஹைனான் தீவில் ஊழியம் செய்தவர்கள். 1930-ல் பூர்வகுடிப் பெண்களுக்கென்றே ஒரு நர்சிங் பள்ளியைத் தொடங்கினார்கள். அந்தப் பெண்களெல்லாம் கண்டிப்பாகப் பிணத்தைத் தொட மாட்டார்கள், நர்ஸ் வேலைக்கே லாயக்கில்லை என்று படித்தவர்களே சொன்ன காலம். முதல் மாணவிகள் 1933-ல் தேறி வெளியே வந்தார்கள், ஒருத்தி நவஹோப் பெண். தன் பாஷையில் பேசுகிற நர்ஸ் வந்து கையைப் பிடித்தபோதுதான் ஆஸ்பத்திரி மேல் இருந்த பயம் கொஞ்சம் குறைந்திருக்கும் என்பது என் ஊகம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1898-ல் வந்த பிரான்சிஸ்கன் சாமியார்கள், நவஹோக்காரர்களை உட்காரவைத்து ஒரு கடையின் பொருட்பட்டியல் புத்தகத்தில் இருந்த படங்களைக் காட்டிக் காட்டி, இதற்கு உங்கள் பேச்சில் என்ன என்று கேட்டே வார்த்தைகளைச் சேர்த்து, 1910-ல் அகராதியே போட்டார்கள். மாற்ற வந்தவர்கள்தான், ஆனால் முதலில் உட்கார்ந்து கேட்டார்கள். நீங்கள் மதமாற்றம் தப்பு என்று நினைப்பவராக இருந்தால் இதெல்லாம் உங்களுக்குப் போதாது. அதில் நான் சண்டைக்கு வரவில்லை.

*குழந்தை முதல் தடவை சிரித்தால் நவஹோக்கள் உப்பு கொடுப்பார்கள் என்று எங்கேயோ படித்தேன். நாங்கள் உப்பளக்காரர்கள், அதனால் கேட்கிறேன், உண்மையா?*
— வாசகி, வாலிநோக்கம்

உண்மை அம்மா. பிறந்த குழந்தை முதல் முறை வாய்விட்டுச் சிரிக்கும்போது யார் சிரிக்க வைத்தார்களோ அவர்தான் விருந்து வைக்க வேண்டும். விருந்துக்கு வருகிறவர்களுக்குக் குழந்தையின் கையிலிருந்து கல் உப்பு கொடுக்கிற மாதிரி, அதன் விரலைப் பிடித்துக்கொண்டு கொடுப்பார்கள். பிள்ளை கை தாராளமாக வளர வேண்டும் என்று. செலவுக்குப் பயந்து குழந்தைக்கு எதிரே முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்காருகிறவர்களும் உண்டாம், அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தத் தாத்தா பாட்டி அங்கே போய்ச் சேர்ந்த முதல் மாதத்திலேயே இப்படி மாட்டிக்கொள்ள எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

*எங்கள் தெருவில் தண்ணீர் வண்டி வராத நாளில் குடத்தைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு அலைகிறோம். அமெரிக்காவிலும் தண்ணீர் சுமக்கிறார்கள் என்றால் எப்படி நம்புவது?*
— குடும்பத்தலைவி, தொண்டி

தண்ணியில்லாக் காடு என்று நம்மைச் சொல்லிச் சொல்லியே அரசு ஊழியர்களைப் பயமுறுத்தினார்கள். நம் ராமநாதபுரம் மாவட்டத்து மழையில் மூன்றில் ஒரு பங்குகூட அவர்களுக்கு இல்லை. நவஹோ நாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் மின்சாரமும் கிடையாது. 200 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு, பல மைல் போய், பொதுக்குழாயில் வரிசையில் நின்று பிடித்து வருகிறார்கள். வண்டி இல்லாத வயசாளிக்கு வண்டி இருக்கிறவன் தயவுதான்.

நிலத்தடியில் இருக்கிற தண்ணீரையும் நம்ப முடியாது. 1944 முதல் 1986 வரை அந்த மண்ணிலிருந்து ஏறக்குறைய 3 கோடி டன் யுரேனியத் தாதுவைத் தோண்டி எடுத்தார்கள், 500-க்கும் மேற்பட்ட சுரங்கங்களை மூடாமல் சுத்தம் செய்யாமல் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். 1979 ஜூலை 16-ல் சர்ச் ராக் என்ற இடத்தில் கழிவுநீர் தேக்கிய அணை உடைந்து கதிர்வீச்சுத் தண்ணீர் ஆற்றில் ஓடியது. ஆடுகள் குடிக்கிற ஆறு அது. கோர்ட்டுக்கும் போய்ப் பார்த்தார்கள். தண்ணீர் கிடைக்க நடவடிக்கை எடுக்க வேண்டிய கடமை 1868 ஒப்பந்தத்தின்படி அரசாங்கத்துக்கு இல்லை என்று 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஒரு நீதிபதி மாற்றி நினைத்திருந்தால் கதையே வேறு. அதனால்தான் சொல்கிறேன், தண்ணீர் கொண்டுவந்து தரும் தாத்தா நல்லவர்தான், ஆனால் அவர் இருக்கிறார் என்று அரசாங்கம் நிம்மதியாகத் தூங்கக் கூடாது.

*வயசான காலத்தில் பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டு யாரோ ஒருவர் வீட்டு விறகைப் பிளக்கப் போவது என்ன சேவை? எங்கள் வீட்டில் என் மகளுக்குப் பிரசவம் பார்க்கக்கூட ஆளில்லை.*
— ஒரு அம்மா, பாம்பன்

கோபம் நியாயம்தான். அவர்கள் ஊரிலும் பிள்ளைகள் இதே கேள்வியைக் கேட்கிறார்கள், பேத்தி கல்யாணத்தைக் கைபேசியில் பார்த்த தாத்தாக்கள் இருக்கிறார்கள். ஆனால் எனக்கு அவர்கள் மேல் இருக்கும் குறை வேறே. ஒன்றரை வருஷம் என்பது மிகக் குறைவு. முதல் ஆறு மாதம் நவஹோப் பாட்டி உங்களோடு ரெண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். அவர் பார்க்காத ஆளா? பள்ளி வாத்தியார், டாக்டர், ஆராய்ச்சிக்காரன், படம் பிடிக்கிறவன், சாமியார், எல்லாரும் வந்தார்கள், எல்லாரும் போனார்கள். ஒரு வருஷம் கழித்து ஒரு நாள் வாசலில் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, ஆட்டுக்கறிக் குழம்பும் எண்ணெயில் பொரித்த ரொட்டியும் வைப்பார். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கிய நேரத்தில் இவர்கள் மூட்டை கட்டிவிடுவார்கள். அடுத்த தம்பதி வந்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கும். சால்ஸ்பரி தம்பதி கனாடோவில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார்கள், அந்தக் கணக்கே வேறு.

உங்கள் மகளுக்கு ஆள் இல்லை என்றால் நீங்கள் எங்கும் போக வேண்டாம் அம்மா. பாம்பனிலேயே இருங்கள்.

*அங்கே போனால் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? மகனோடு இரண்டு நாள் காரில் சுற்றிப்பார்க்கப் போகிறோம்.*
— வாசகர், மண்டபம்

வீட்டு வாசலில் போய்க் கதவைத் தட்டாதீர்கள். வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருங்கள். உங்களைப் பார்த்துவிட்டு, வரலாம் என்று தோன்றினால் வெளியே வருவார்கள். வரவில்லையா, திரும்பிவிடுங்கள், அது அவமானமில்லை. ஹோகன் என்னும் பழைய பாணி வீட்டின் வாசல் கிழக்கே பார்த்திருக்கும், கிழக்கு வாசல் வைத்துக் கட்டுகிற நமக்கு அதில் ஆச்சரியமில்லை. கை கொடுத்தால் மெல்லத் தொடுவார்கள், நீங்கள் பிடித்துக் குலுக்க வேண்டாம். கண்ணுக்குள் உற்றுப் பார்த்துப் பேசுவது மரியாதைக் குறைவு. விரலை நீட்டிக் காட்டக் கூடாது, உதட்டைக் குவித்துத் திசை காட்டுவார்கள், முதலில் முத்தம் கொடுக்கிறார்களோ என்று தோன்றும். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். சாவைப் பற்றியும் கெட்டது நடக்கப்போவதைப் பற்றியும் பேச்சை எடுக்காதீர்கள், பேசினால் அது வந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம், "ஒருவேளை எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்" என்று நம் ஆட்கள் பேச்சுக்குப் பேச்சு சொல்வதை அங்கே விட்டுவிடுங்கள். கேள்வி கேட்டால் பதில் வர நேரமாகும். இடையில் நீங்கள் பேசிவிட்டால் பதில் வராமலே போய்விடும். இது எங்கள் வாத்தியார்மார்களுக்குத்தான் ரொம்பக் கஷ்டம்.

சின்லி பக்கத்து டி ஷே பள்ளத்தாக்குக்குள் இறங்க உள்ளூர் வழிகாட்டி வேண்டும். கீழே இன்றும் குடும்பங்கள் சோளம் போட்டு வாழ்கின்றன, அது காட்சிசாலை இல்லை.

*ஓரியூர் அருளானந்தரையும் இவர்களையும் ஒப்பிடலாமா?*
— ஒரு பங்கு மக்கள், ஓரியூர் வட்டாரம்

வேண்டாம். அருளானந்தர் பண்டாரச் சாமி வேஷம் கட்டி, இறைச்சியை விட்டு, இந்த மண்ணின் பேச்சைப் பேசி, கிழவன் சேதுபதி காலத்தில் 1693-ல் தலையைக் கொடுத்தவர். இடையில் ஐரோப்பாவுக்குப் போயிருந்தும் இந்த மண்ணுக்கே திரும்பி வந்தவர். சின்லித் தாத்தாவுக்கு ஓய்வூதியமும் திரும்பிப் போக வீடும் இருக்கும். இரண்டு பேரையும் ஒன்றாக நிறுத்தினால் இருவருக்குமே நியாயம் செய்ததாகாது. ஒப்பிட வேண்டுமென்றால் மதுரை அமெரிக்கன் மிஷனை எடுங்கள். பாஸ்டனிலிருந்து 1834-ல் நம் பக்கம் ஆளனுப்பிய அதே சங்கம், அதற்கு முன்பே 1817-ல் செரோக்கி என்ற பூர்வகுடிகளிடமும் ஆளனுப்பியிருக்கிறது. அந்தச் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் நாமும் செரோக்கிகளும் பக்கத்துப் பக்கத்து வரிகள்.

*என் மருமகள் டூபா சிட்டி ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். மகன் பீனிக்ஸில். இரண்டு பேரும் ஒரே மாநிலம்தான், ஆனால் மணி கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். யாரை நம்புவது?*
— ஒரு மாமியார், தேவிபட்டினம்

இருவரையும் நம்பலாம். அரிசோனா மாநிலம் கோடையில் கடிகாரத்தைத் தள்ளிவைப்பதில்லை, ஆனால் நவஹோ நாடு தள்ளிவைக்கிறது. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை டூபா சிட்டி மணி பீனிக்ஸைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். இது போதாதென்று நவஹோ நிலத்துக்கு நடுவே இருக்கிற ஹோப்பி மக்கள் தள்ளிவைப்பதில்லை, அதனால் டூபா சிட்டியில் நின்றுகொண்டு சாலைக்கு அந்தப் பக்கம் ஹோப்பிகளின் மோயன்கோப்பிக்குப் போனால் கோடையில் ஒரு மணி நேரம் பின்னால் போய்விடுவீர்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வெளியூர்க்காரர்கள் தாமதமாக வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான். நீங்கள் போன் போடுவதற்கு: மகன் எப்போதும் நம்மைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். மருமகள் கோடையில் பதினொன்றரை, குளிரில் பன்னிரண்டரை. சாயங்காலம் ஆறரை மணிக்குக் கூப்பிட்டால் கோடையில் அவளுக்குக் காலை ஏழு, மகனுக்கு ஆறு. முதலில் மருமகளைக் கூப்பிடுங்கள், மகன் இன்னும் தூங்கிக்கொண்டிருப்பான்.